வாடைக்காற்றுக்கு ஒரு மாமனார்

மாண்ட்ரியலின் லாசால் பகுதியில் ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட் மண்டபம். தைப்பொங்கல் விழா. வெளியே தரை தெரியாமல் பனி. உள்ளே வடை பொரிக்கும் மணமும் ஈர பூட்ஸ்களின் நாற்றமும் கலந்து கிடக்கின்றன. மேடையில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முன்வரிசையில், சிவப்புத் துணி விரித்த தனி நாற்காலியில், நெற்றியில் சந்தனத்தோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் போர்த்துவதற்காக ஒரு பொன்னாடை என் பக்கத்து மேசையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. போர்த்த வேண்டியவள் நான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கோபம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இதை எழுதும்போதும் பேனா பிடித்த விரல் இறுகுகிறது.

அன்றைக்கு எனக்குக் கொடுத்திருந்த வேலை சின்னது. பழைய கிரேக்கர்களின் காற்றுக் கடவுள்களைப் பற்றி, எல்லோருக்கும் புரிகிற மாதிரி, கொஞ்ச நேரம் பேச வேண்டும். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது அந்த மேடையில் நடந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்லூரி வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “கிரேக்கப் புராணம் சொல்லிக்கொடுத்து மாண்ட்ரியலில் வயிறு நிறையுமா அம்மா?” என்று மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிறைகிறது ஐயா. சில நாள் எரியவும் செய்கிறது. இந்த வாரம் எரிந்த கதை.

நாலு திசை, நாலு ஆசாமிகள்

மாணவியாக இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கோட்-டெ-நெய்ஜ் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வடக்கிலிருந்து ஒரு காற்று வந்து கன்னத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்தது. வந்த நீர் இமையிலேயே உறைந்தது. திருச்சியில் ‘வாடை’ என்ற சொல்லைச் செய்யுள் பகுதியில் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தச் சொல்லுக்குப் பொருள் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம்மவர்கள் நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்தார்கள். வடக்கு வாடை, தெற்கு தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை. கடவுள் என்று வந்தபோது எல்லாவற்றுக்கும் சேர்த்து வாயு பகவான் ஒருவரை வைத்துக் கணக்கை முடித்தார்கள். கிரேக்கர்களுக்கு அது போதவில்லை. திசைக்கு ஒரு ஆசாமியை உண்டாக்கி, இறக்கை மாட்டி, ஆளுக்கொரு குணமும் கொடுத்து அலைய விட்டார்கள்.

வடக்கே போரியஸ். பரட்டைத் தாடி, முரட்டு உடம்பு, மூச்சு விட்டால் பனி. ஏதென்ஸில் எட்டுப்பட்டைக் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் உச்சியைச் சுற்றி எட்டுக் காற்றுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் போரியஸ் கனத்த மேலங்கியோடு சங்கு ஊதிக்கொண்டு பறக்கிறான். மாண்ட்ரியலில் பிப்ரவரி மாதம் வீதியில் போகிற எந்த ஆளைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சிலை நினைவுக்கு வரும்.

தெற்கே நோட்டஸ், மழைக்காரன். நமக்குத் தெற்குக் காற்று கொஞ்சும். அவர்களுக்கு அது புயலைக் கொண்டுவந்து பயிரைக் கெடுக்கும். கிழக்கே யூரஸ், அதிகம் கதையில்லாத அப்பாவி. மேற்கே ஸெஃபிரஸ், வசந்தத்தைக் கூட்டிவருகிறவன், எல்லாருக்கும் செல்லம்.

இந்த நாலு பேரையும் அடக்கி வைக்க ஏயோலஸ் என்று ஒரு காவல்காரனும் உண்டு. காற்றுகளைத் தோல் பையில் போட்டு வாயைக் கட்டத் தெரிந்தவன். அந்தப் பையை ஒரு கப்பல்காரனுக்குப் பரிசாகக் கொடுக்க, கூட இருந்தவர்கள் உள்ளே பொன் இருக்கிறதென்று நினைத்து அவிழ்த்துவிட, கரை கண்ணில் தெரிந்த நேரத்தில் கப்பல் பழையபடி நடுக்கடலுக்குப் போய்விடும். வகுப்பில் பிள்ளைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

செல்லப்பிள்ளை ஸெஃபிரஸின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். க்ளோரிஸ் என்ற பெண்ணைத் துரத்திப் பிடித்துத் தூக்கிப்போனான். பிறகு மனம் இரங்கி, உலகத்துப் பூக்களுக்கெல்லாம் அவளை அரசியாக்கினானாம். வருத்தமே இல்லை, வருடம் முழுக்க வசந்தம் என்று அவளே சொல்வதாகக் கதை. அவள் சொன்னாளோ, அவள் வாயில் திணித்தார்களோ! தூக்கிக்கொண்டு போனதற்குப் பூந்தோட்டம் ஈடாகுமா? எத்தனை தடவை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் என் குரல் உயர்ந்துவிடும்.

வடக்கத்தி மருமகன்

ஆனால் ஸெஃபிரஸ் சின்னத் திருடன். பெரிய அநியாயம் போரியஸ் கதையில் இருக்கிறது.

ஏதென்ஸ் அரசனுக்கு ஒரு மகள், ஒரித்தியா. போரியஸுக்கு அவள்மேல் ஆசை. முதலில் முறையாகத்தான் பெண் கேட்டான். அரசனுக்கு வடக்கத்தி ஆட்களைப் பிடிக்காது. பிடிக்காதவன் முகத்துக்கு நேரே ‘தர முடியாது’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தான். கொஞ்ச நாள் பொறுத்த போரியஸ், ‘கெஞ்சுவது என் சுபாவமா? மரத்தைப் பிடுங்குகிறவன் அல்லவா நான்’ என்று சீறிக்கொண்டு கிளம்பினான். ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்தவளைப் புழுதியோடு புழுதியாக வாரிக்கொண்டு வடக்கே போய்விட்டான். அங்கே அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தன. அவள் கதை அதோடு முடிந்தது.

ஊர்க் கதை முடியவில்லை. பல காலம் கழித்துப் பாரசீகர்கள் பெரும் கப்பற்படையோடு வந்தார்கள். ஏதென்ஸ்காரர்கள் குறி கேட்டார்கள். ‘உங்கள் மருமகனைக் கூப்பிடுங்கள்’ என்று குறி வந்தது. மருமகன் யார்? நம் பெண்ணை எடுத்த போரியஸ்தானே! கும்பிட்டார்கள். காற்று அடித்தது, எதிரிக் கப்பல்கள் பாறையில் மோதிச் சிதறின. ஊருக்கு ஒரே ஆனந்தம். மருமகனுக்குக் கோயில் கட்டினார்கள்.

எங்கே கட்டினார்கள் தெரியுமா? எந்த ஆற்றங்கரையில் அவளைத் தூக்கினானோ, அதே ஆற்றங்கரையில். இதைச் சொல்லும்போது என் மாணவர்கள் ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள், பிறகு தேர்வில் வருமா என்று கேட்பார்கள்.

நடராசா அண்ணை

லாசாலில் தமிழ்ச் சங்கம் ஒன்றை நடத்துகிறவர் நடராசா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். இருபக்கமும் நரைத்த மீசை, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை இந்த ஊரில் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். பனியில் யாருடைய கார் சிக்கினாலும் மண்வாரியோடு முதலில் வந்து நிற்பவர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். சங்கத்துக்கு வேண்டாத ஆள் தலைவர் பதவி கேட்டால்கூட, “பேந்து கதைப்பம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பேந்து என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் பிறகு என்று பொருள். அந்தப் பிறகு வரவே வராது, கேட்டவனும் நம்பிக்கொண்டே இருப்பான்.

அந்த வகுப்பில் நானும் சொல்லிக்கொடுப்பதால் எல்லோருக்கும் நான் ‘ரீச்சர்’, அதாவது டீச்சர். ஒரு நாள் தமிழ் வகுப்பு முடிந்து அவருடைய காரில் என்னை வீட்டில் விட வந்தார். காற்று காரையே தள்ளியது. பேச்சுத் துணைக்குப் போரியஸ் கதையைச் சொன்னேன். பெண் கேட்டது, அரசன் இழுத்தது, தூக்கிப்போனது, கோயில் கட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“பாத்தியளே ரீச்சர், காத்தும் ஒரு வீட்டு மருமகன்! ஆபத்துக்கு மருமகன்தான் வந்து நிண்டவன். கெட்டிக்காரச் சனம்.”

“அண்ணை, அந்தப் பொண்ணு?”

“அவள் ராசாத்தி மாதிரி இருந்திருப்பாள், என்ன!”

முழுக் கதையையும் நான் சொன்னேன். பின்பாதியை மட்டும் அவர் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் மகளை எனக்கு அப்போது தெரியாது.

தர்சினி சொன்னது

அவர் மகள் தர்சினி கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்துப் பராமரிக்கிற வேலை பார்க்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். ஒரு வசந்த காலத்தில் எங்கள் கட்டடத்தில், எனக்கு இரண்டு மாடி கீழே, தனியாகக் குடிவந்தாள். லிஃப்டில் தமிழில் பேசிக்கொண்டோம். தேநீருக்கு வந்தாள். பிறகு அடிக்கடி வந்தாள். யாருடைய மகள் என்று தெரிந்தபோது, கல்யாணமாகி, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் புருஷன் வீட்டில் இருக்க வேண்டியவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒரு நாள் சொன்னாள்.

சுதன் என்பவன் அவளைப் பெண் கேட்டிருக்கிறான். சங்கத்தில் எல்லோருக்கும் வேண்டிய பையன். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

“நான் மாட்டன் எண்டு சொன்னனான் அக்கா. அவனுக்கும் சொன்னனான், அப்பாவுக்கும் சொன்னனான். அப்பா அவன்ர வீட்டு ஆக்களிட்ட, ‘பேந்து கதைப்பம்’ எண்டு சொல்லி அனுப்பிவிட்டவர். அவன் அப்பா சொன்னதைத்தான் காதில எடுத்தவன்.”

இந்த இடத்தில் நம் சனத்தின் கன்னத்திலும் ஒரு அறை விட வேண்டும். யாழ்ப்பாணம் என்ன, திருச்சி என்ன. பெண் கேட்டு வந்தவனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதை நாம் மரியாதைக் குறைவு என்று வைத்திருக்கிறோம். ஜாதகம் பொருந்தவில்லை என்போம். பெண் மேலே படிக்கிறாள் என்போம். வீட்டுக்குள் அவள் தொண்டை கிழிய ‘மாட்டேன்’ என்று கத்தியிருப்பாள். அது வாசலைத் தாண்டுவதற்குள் ‘பார்க்கலாம்’ ஆகியிருக்கும். வந்தவன் நெஞ்சு நோகக் கூடாதாம்.

ஒரு பனிப்புயல் நாள். தர்சினி வேலை முடிந்து வெளியே வந்தபோது மருத்துவமனை வாசலில் சுதனின் கார் நின்றது. “பஸ் ஒண்டும் ஓடேல்லை. உங்கட அப்பாதான் என்னை அனுப்பினவர்,” என்றான். அப்பா பெயரைக் கேட்டு ஏறிவிட்டாள். லாசாலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கார் திரும்பவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டான். டொரண்டோவில் அவன் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்தான்.

“அந்த மாமி எனக்குத் தேத்தண்ணி தந்தவ அக்கா. தந்திட்டு, ‘இனியென்ன பிள்ளை’ எண்டு சொன்னவ. எனக்கு அந்தச் சொல்லுத்தான் இப்பவும் காதில கேக்குது.”

அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அழவில்லை.

நடராசா அண்ணை பெரியவர்கள் சிலரோடு டொரண்டோ போனார். மகளை மீட்டுக்கொண்டு வரப்போகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவர் கல்யாண நாள் குறித்துக்கொண்டு வந்தார். வெளியே தங்கிவிட்டு வந்த பெண், ஊர் வாயை மூட முடியுமா, பையனும் நல்ல பையன்தானே என்றாராம்! வேலி பயிரை மேய்ந்துவிட்டு, பயிருக்கு நல்லதென்று சொன்ன கதை. கல்யாணமாகிச் சில மாதம் சுதனின் லொங்குய் வீட்டில் இருந்தாள். ஒரு காலை, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தோள்பையோடு நடந்து போய் மஞ்சள் தடத்து மெட்ரோ ரயிலில் ஏறிவிட்டாள்.

“போலீஸ் போகலாமே தர்சினி?”

“போகலாம். போனா அப்பாவையும் இழுக்க வேணும் அக்கா. அவர் எனக்கு அப்பாதானே.”

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று யாரோ ஒரு பழமொழியைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செய்தவன் கையில் கிடைத்தால் நான் அணைக்க மாட்டேன்.

ஒருத்திக்கு அதிகமான இடியப்பம்

தர்சினியின் அம்மாவை எல்லோரும் மலர் அக்கா என்போம். ஒல்லியான உருவம். கூட்டங்களில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் சமையலறைக்குத்தான் போக வேண்டும். அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

மகளைப் போய்ப் பார்க்கக் கூடாதென்று அண்ணை கட்டளை. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும், அதுவரை இடம் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. மலர் அக்கா சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு வாசலில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை என்னிடம் நீட்டுவார்.

“ரீச்சருக்குத்தான். கொஞ்ச இடியப்பமும் சொதியும்.”

மூன்று பேர் சாப்பிடலாம். நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தர்சினி டப்பாவைத் திறந்து முதலில் முகர்ந்து பார்ப்பாள். எங்கள் மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும். இப்படி ஒளித்து ஒளித்துச் சோறு அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மலர் அக்காமேலும் ஆத்திரம் வரும். வாயைத் திறந்து புருஷனை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன்.

பொன்னாடை

பொங்கலுக்கு முன்பு நடராசா அண்ணை போன் செய்தார். “ரீச்சர், உந்தக் காத்துக் கடவுள்மாரைப் பற்றி வந்து கதையுங்கோ. இந்தக் குளிருக்குப் பொருத்தமா இருக்கும்.” நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நம் ஆட்கள் யாரும் என் பாடத்தைக் கேட்டதில்லை. தர்சினியிடம் சொன்னேன். அவளுக்கு அன்று மதியம்வரை வேலை. “போய்ட்டு வாங்கோ அக்கா, அப்பா ஆசையாத்தானே கூப்பிட்டவர்,” என்றாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோதுதான் சிவப்பு நாற்காலியில் சுதனைப் பார்த்தேன். எழுந்து கும்பிட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். அண்ணை மைக்கைப் பிடித்தார்.

“சபையோருக்கு வணக்கம். கிரேக்க தேசத்தில வடக்குக் காத்தே ஒரு வீட்டு மருமகன். ஆபத்து நேரத்தில அந்த மருமகன்தான் ஊரைக் காப்பாத்தினவர். எங்கட மருமகன் சுதனும் அப்பிடித்தான், இந்த மண்டபத்துக்கு ஓடி ஓடி வேலை செய்த பிள்ளை. சின்னச் சின்னக் கோபதாபம் எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதான். நாளைக்கு நாங்கள் பெரியாக்கள் தட்டோட போய் மகளைக் கூட்டிக்கொண்டு வரப்போறம். ரீச்சரும் அதே கட்டிடத்திலதான் இருக்கிறா, எங்களோட வருவா. அவ கதவைத் தட்டினாப் பிள்ளை திறப்பாள். இப்ப ரீச்சர் அந்த மருமகன் கதையைச் சொல்லி, தன்ர கையால பொன்னாடையைப் போர்த்துவா.”

கைதட்டல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பாடத்தை எடுத்து, என் வாயாலேயே அதை மந்திரம் மாதிரி ஓதவைத்து, மறுநாள் அந்தப் பெண்ணின் கதவைத் திறக்க என்னைச் சாவியாகவும் கொண்டுபோகத் திட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று தெரியும். பரிமாற என்னைக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

“எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்,” என்றேன். “அண்ணை பின்பாதியச் சொல்லிட்டாரு. முன்பாதிய நான் சொல்றேன்.”

சொன்னேன். யாரும் விருப்பம் கேட்காத பெண்ணையும், பார்க்கலாம் என்ற அப்பனையும் சொன்னேன். “அவன் அவளக் கட்டிக்கல. தூக்கிட்டுப் போனான். தூக்கின அதே ஆத்தங்கரையில ஊர்க்காரங்க அவனுக்குக் கோயில் கட்டினாங்க, வெக்கம் கெட்டவங்க. அந்தக் கதைக்கு இன்னொரு பொன்னாடை நான் போர்த்த மாட்டேன். நாளைக்கு நான் வரல. அந்தக் கதவ நான் தட்ட மாட்டேன்.”

மண்டபம் முழுக்கச் சலசலத்தது. சங்கத்துச் செயலாளர் இரண்டாம் வரிசையில் எழுந்தார். “ரீச்சர், நல்ல நாள் அதுவுமா ஏன் உந்தக் கதை? குடும்பங்கள் சேர வேணும் எண்டுதானே நாங்கள் பாக்கிறம்.”

சுதன் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பணிவாகச் சிரித்தான். “பரவாயில்லை. ரீச்சருக்கு எங்கட வீட்டு விஷயம் முழுக்கத் தெரியாது. நாளைக்கு நாங்களே போறம்.”

அவன் சொன்னது சரி, அதுதான் என்னைக் கொன்றது. நான் போகாவிட்டால் என்ன? விலாசம் அவர்களுக்குத் தெரியும். நாளைக்குப் பத்துப் பேர் பழத்தட்டோடு அவள் வாசல் நடைவழியில் நிற்பார்கள். அவள் அப்பா கதவுக்கு வெளியே நின்று “பிள்ளை” என்று கூப்பிடுவார். அவருக்காக போலீசுக்கே போகாதவள், திறந்துவிடுவாள். என் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மைக்கை மேசையில் வைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, அதுவும் ஆத்திரத்தில் வந்ததுதான்.

“ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?”

சமையலறைக் கதவில் மலர் அக்கா நின்றார். இரண்டு கையிலும் உளுந்துமா. எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்தப் பிள்ளையின்ர தாய் என்ன சொன்னவ?”

இத்தனை வருடப் பாடத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. “அம்மாவுக்குப் பேரு இருக்குக்கா. ஆனா மகளத் தூக்கிட்டுப் போனப்ப அவ என்ன சொன்னான்னு, நான் படிச்சவரைக்கும் எங்கயும் இல்ல.”

“ஓம். அப்பிடித்தான் இருக்கும்.” கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். “அப்ப நான் சொல்லுறன். நாளைக்கு ஒருத்தரும் அங்க போகத் தேவையில்லை.”

“மலர், உள்ள போ,” என்றார் அண்ணை மெதுவாக. “சனம் பாக்குது.”

“பாக்கட்டும். அண்டைக்குக் கலியாண வீட்டிலயும் சனம் பாத்துக்கொண்டுதானே நிண்டது.” அவர் குரல் உயரவே இல்லை. “என்ர பிள்ளை மாட்டன் எண்டு சொன்னவள். நீங்கள் வெளியில வந்து வேற கதை சொன்னியள். இவன் உங்கட பேரைச் சொல்லி அவளைக் களவெடுத்துக்கொண்டு போனவன். களவெடுத்தவனை நான் மருமகன் எண்டு கூப்பிட மாட்டன். உங்களுக்கு வேணுமெண்டால் நீங்கள் வைச்சிருங்கோ.”

சுதன் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. ‘பேந்து கதைப்பம்’ என்று சொல்ல நடராசா அண்ணைக்கு அங்கே யாரும் இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “மலர் சொல்லுறது சரிதான்,” என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தணியவில்லை.

பஸ்ஸும் மெட்ரோவும்

மலர் அக்கா மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் காற்று எங்கள் இருவரையும் கண்ணாடித் தடுப்போடு சேர்த்து அழுத்தியது. இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் கழுத்துத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டார்.

“எந்த பஸ் எண்டு எனக்குத் தெரியாது,” என்றார். “இத்தனை வருசமா அவற்ற காரிலதானே திரிஞ்சனான்.”

“நான் கூட்டிட்டுப் போறேன்க்கா.”

பஸ்ஸிலிருந்து இறங்கி மெட்ரோவில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் மா காய்ந்திருந்தது. ஒரு தடவை, “அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்,” என்றார். அவர்மேல் வைத்திருந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் தர்சினியின் கதவுக்கு முன்னால் நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். மலர் அக்காதான் தட்டினார்.

“ஆர்?”

“அம்மா.”

உள்ளே காலடிச் சத்தம் நின்றது. சங்கிலி நகர்ந்தது. வேலை உடுப்பிலேயே இருந்தாள் தர்சினி. அம்மாவைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாக நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“அம்மா... இஞ்ச வர அப்பா விட்டவரே?”

“அவரை ஆர் கேட்டது?” என்றார் மலர் அக்கா. “தள்ளு பிள்ளை, உள்ள வாறன்.”